மெயிலைப் படிக்கும்போது ஆளையும் படியுங்கள்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும் ஒரு கிழவன் சொல்வது இது. காலேஜில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியவர்கள்கூட முதல் சீசனில் பையருடைய மெயிலைப் பார்த்து முழிப்பதைப் பல கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன். அந்த மெயிலில் தெரியாத வார்த்தை ஒன்றும் இருக்காது. 'ஓகே', 'பை', 'க்வைட்', 'நோட்டட்', 'டெலிவரி' எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பார்த்தவைதான். ஆனால் மெயிலைப் படித்து முடித்ததும், துணியை வெட்டலாமா கூடாதா என்று மட்டும் தெரியாது.

நம் ஊரில் ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அது நூலாக, சாயமாக, தையல் கூலியாக, கடைசியில் ஏர் ஃபிரைட்டாகக் கணக்கில் ஏறும். அதனால் சொல்கிறேன். ஆங்கிலச் சொல்லின் அர்த்தத்தில் பாதியைத்தான் அகராதி தரும். யார் சொன்னார், யாருக்குச் சொன்னார், ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கும்போது சொன்னார் என்பதில் மீதி இருக்கிறது. கீழே உள்ள எல்லாமே அந்த மீதியைப் பற்றியதுதான்.

1. வார்த்தையை அதன் சகவாசத்தோடு படியுங்கள்.

'ஆர்டர்' என்றால் கட்டளை, வரிசை, கொள்முதல் என்று மூன்று அர்த்தத்தை மனப்பாடம் செய்து பயனில்லை. பையர் ஆர்டரை 'ப்ளேஸ்' செய்வார், நாம் 'கன்ஃபர்ம்' செய்வோம். தேதியை 'மீட்' செய்வோம், தவறினால் 'மிஸ்' செய்வோம். கப்பலில் இடத்தை 'புக்' செய்வோம். பணத்தை அவர் 'ரிலீஸ்' செய்வார், தாமதமானால் நாம் 'சேஸ்' செய்வோம். இப்படி ஜோடி ஜோடியாகப் பழகினால், 'டூ', 'கிவ்' இரண்டையும் வைத்தே எல்லா வாக்கியத்தையும் ஓட்டும் பழக்கம் தானாக விட்டுப்போகும்.

லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டுப் பின்னால் லண்டனில் மொழியியல் கற்பித்த ஜே.ஆர். ஃபர்த், சொல்லை அதன் சகவாசத்தை வைத்தே அறியலாம் என்ற கருத்தை 1957இல் எழுதினார். அவருக்கு முன்பே இதை அகராதியாகச் செய்து காட்டியவர் ஏ.எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வந்தது. அதையே ஆக்ஸ்ஃபோர்டு 1948இல் மறுபடி வெளியிட்டது. இன்றும் கடையில் கிடைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் டிக்ஷனரி அந்த வழியில் வந்ததுதான். அதை வாங்குங்கள். வாங்கினால் அர்த்தத்தைப் படிக்கும் முன் கீழே உள்ள உதாரண வாக்கியத்தைப் படியுங்கள். அர்த்தம் அதிலேயே பாதி விளங்கிவிடும்.

2. தெளிவான அனுமதி வராதவரை அப்ரூவல் வரவில்லை.

லேப் டிப், அதாவது சாயம் தோய்த்த சின்ன மாதிரித் துணி, அனுப்பிய பிறகு இப்படி ஒரு மெயில் வரும்: 'தேங்க்ஸ் ஃபார் தி லேப் டிப்ஸ். பி இஸ் க்ளோஸர், பட் ஸ்டில் எ லிட்டில் டல்.' புது ஆள் இதில் 'பி' என்ற எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போன் போட்டுவிடுவார். நிதானமாகப் பாருங்கள். 'க்ளோஸர்' என்றால் மற்றவற்றைவிடக் கிட்டத்தில் இருக்கிறது என்பதுதான், வந்து சேர்ந்துவிட்டது என்பதில்லை. 'ஸ்டில்' என்ற சொல் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்கிறது. 'எ லிட்டில் டல்' என்பது நிறம் மங்கல் என்ற புகார். ஆக மொத்தம் அந்த மெயிலுக்கு ஒரே அர்த்தம்தான்: பி-யைக் கொஞ்சம் பளிச்சென்று திருத்தி மறுபடி அனுப்பு.

இதற்குப் படிகள் உண்டு. 'லுக்ஸ் குட்' என்பது அபிப்பிராயம். 'ஓகே டு ப்ரொசீட்' என்பது அனுமதி. 'அப்ரூவ்டு சப்ஜெக்ட் டு கமென்ட்ஸ்' என்றால், கீழே எழுதியிருக்கும் திருத்தங்களைச் செய்தால் மட்டும் அனுமதி. செய்யாமல் விட்டால் அந்த அனுமதி இல்லவே இல்லை. 'ப்ரொசீட் அட் யுவர் ஓன் ரிஸ்க்' என்றால், வெட்டுவது உன் இஷ்டம், கெட்டால் நஷ்டமும் உன்னுடையது. கேட்க அனுமதி மாதிரியே இருக்கும், ஆனால் பையர் கையைக் கழுவிவிட்டார். பிபி சாம்பிளுக்கு, அதாவது உற்பத்திக்கு முந்தைய மாதிரிக்கு, இந்தப் பதில் வந்தால் கட்டிங் டேபிளுக்குப் போகாதீர்கள். நேராக முதலாளியிடம் போங்கள்.

3. 'நோட்டட்' என்பது சம்மதம் இல்லை.

'ஷிப்மென்ட் ஐந்து நாள் தள்ளிப்போகும்' என்று நீங்கள் எழுதுகிறீர்கள். பதில் ஒரே வார்த்தையில் வருகிறது: 'நோட்டட்.' அப்பாடா என்று நிம்மதியாகி விடாதீர்கள். படித்தேன் என்கிறார், அவ்வளவுதான். தாமதத்தை ஒத்துக்கொண்டாரா, டிஸ்கவுன்ட் கேட்பாரா, ஏர் ஃபிரைட் போடச் சொல்வாரா என்று அதில் ஒன்றும் இல்லை. மறுபடி எழுதி, புதுத் தேதியை அவர் 'அக்செப்ட்' செய்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் தேதி திருத்தி வரும்வரை பழைய தேதிதான் தேதி.

4. இங்கிலாந்துக்காரர் குறைத்துச் சொன்னால் கூட்டிப் படியுங்கள்.

இங்கிலாந்து பையர் 'எ பிட் டிஸப்பாயின்டெட்' என்றால் கடும் கோபத்தில் இருக்கிறார். 'நாட் ஐடியல்' என்றால் இது சரிப்படாது. 'ஐ வுட் சஜஸ்ட்' என்றால் செய்தே ஆக வேண்டும். 'வித் ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்தில் மரியாதையை எதிர்பார்க்காதீர்கள். குரலை உயர்த்தாமல் பேசுவதுதான் அங்கே நாகரிகம். அதனால் சொல் மெலிதாக மெலிதாக விஷயம் கனமாகும்.

இந்தப் பழக்கம் உயிரையே வாங்கியதாக ஒரு கதை உண்டு. 1951 ஏப்ரலில் கொரியப் போரில் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் க்ளாஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. பிரிகேடியர் டாம் பிரோடி அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்று சொன்னாராம். ஒரு பிரிட்டிஷ்காரர் கேட்டிருந்தால், கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது என்று புரிந்துகொண்டிருப்பார். அமெரிக்கர் அதைக் கொஞ்சம் சிரமம், சமாளித்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் படைப்பிரிவில் பெரும்பாலோர் மாண்டார்கள், இல்லாவிட்டால் சிறைப்பட்டார்கள்.

'க்வைட்' என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'க்வைட் குட்' என்று அமெரிக்கர் எழுதினால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படலாம். இங்கிலாந்துக்காரர் எழுதினால் பெரும்பாலும் 'பரவாயில்லை, சுமார்' என்றுதான் அர்த்தம். ஆனால் அதே இங்கிலாந்துக்காரர் 'க்வைட் இம்பாசிபிள்' என்றால் முழுக்க முழுக்க முடியாது என்கிறார். கூடக்குறைய இருக்கக்கூடிய குணத்தோடு சேர்ந்தால் 'க்வைட்' சுருதியைக் குறைக்கும். உண்டு, இல்லை என்று இரண்டில் ஒன்றாக இருக்கும் சொல்லோடு சேர்ந்தால் முற்றிலும் என்றாகும். பக்கத்துச் சொல்லைப் பார்க்காமல் 'க்வைட்'டுக்கு அர்த்தம் சொல்ல யாராலும் முடியாது.

5. கடல் எந்தப் பக்கம் என்று பார்த்துப் படியுங்கள்.

நம் தொழிலில் இது சோறு போடும் விஷயம். 'வெஸ்ட்' என்று இங்கிலாந்து பையர் கேட்டால் உள்ளே போடும் பனியன். அமெரிக்க பையர் கேட்டால் சட்டைக்கு மேலே போடும் கையில்லாத கோட். 'பேன்ட்ஸ்' அமெரிக்காவில் முழுக்கால் சட்டை, இங்கிலாந்தில் ஜட்டி. 'ஜம்பர்' இங்கிலாந்தில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் சட்டைக்கு மேலே பெண்கள் போடும் கையில்லாத கவுன். பெண்கள் உடுப்பில் சைஸ் எண்ணும் ஒன்றாக இருக்காது: இங்கிலாந்தின் 12, அமெரிக்காவில் ஏறக்குறைய 8. விலை கேட்டு வரும் முதல் மெயிலில் படம் இல்லாவிட்டால், ஸ்கெட்ச் வாங்காமல் விலை சொல்லாதீர்கள்.

தேதியும் அப்படித்தான். 03/04 என்று எழுதினால் லண்டனில் ஏப்ரல் 3, நியூயார்க்கில் மார்ச் 4. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள்.

பெரிய மனிதர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். உடனே எடுத்துப் பேச வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்க அதிகாரிகளோ கூடவே கூடாது என்றார்கள். அவர்கள் ஊரில் 'டேபிள்' செய்வது என்றால் கிடப்பில் போடுவது. இரு தரப்புக்கும் விருப்பம் ஒன்றாக இருந்தும் வெகுநேரம் சண்டை நடந்ததை சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

6. ஐரோப்பியரின் ஆங்கிலத்துக்குள் அவர் தாய்மொழியைத் தேடுங்கள்.

நம் பையர்களில் பலருக்கு ஆங்கிலம் நம்மைப் போலவே இரண்டாம் மொழி. 'சென்ட் சாம்பிள்ஸ் அன்டில் ஃபிரைடே' என்று ஜெர்மன்காரர் எழுதினால், வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருக்கச் சொல்கிறார் என்று சிரிக்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் என்பதற்கும் வெள்ளிக்கிழமை வரை என்பதற்கும் ஜெர்மனில் 'பிஸ்' என்ற ஒரே சொல்தான். அவர் கேட்பது வெள்ளிக்குள். அவரே 'ஈவென்சுவலி வீ வில் இன்க்ரீஸ் தி க்வான்டிட்டி' என்று எழுதினால் நூலை வாங்கிக் குவித்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் கடைசியில் நடந்தே தீரும் என்பதைக் குறிக்கும். ஜெர்மனில் அதே சாயலில் உள்ள சொல்லுக்கு ஒருவேளை என்று பொருள். அதேபோல ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ்காரர்கள் 'ஆக்சுவல் பிரைஸ்' என்று எழுதினால் இப்போதைய விலை என்ற எண்ணத்தில் இருக்கலாம்.

பிரெஞ்சுக்காரர் 'வீ டிமாண்ட் எ நியூ சாம்பிள்' என்று எழுதினால் அதட்டுகிறார் என்று பதறாதீர்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கேட்பது என்றுதான் அர்த்தம். இதே வரியை மான்செஸ்டரிலிருந்து ஒருவர் எழுதினால் மட்டும் கொஞ்சம் பதறுங்கள்.

7. நம் ஊர் ஆங்கிலம் நம் ஊரில் செல்லும். கடல் தாண்டும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

'டூ தி நீட்ஃபுல்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதெல்லாம் தப்பு என்று சிலர் கேலி செய்வார்கள். தப்பொன்றும் இல்லை. பழைய ஆபீஸ் ஆங்கிலம் நம்மிடம் தங்கிவிட்டது. சென்னைக்கும் டெல்லிக்கும் அப்படி எழுதினால் ஒருவரும் தடுமாற மாட்டார்கள். வெளிநாட்டுக்கு எழுதும்போது மூன்று சொற்களில் மட்டும் கவனமாக இருங்கள்.

முதலாவது 'டவுட்'. 'வீ ஹேவ் எ டவுட் இன் யுவர் மெஷர்மென்ட் சார்ட்' என்று நாம் எழுதுவது ஒரு விளக்கம் கேட்க. அவர் படிப்பதோ, உன் அளவில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று. 'க்வெஸ்சன்' என்று எழுதுங்கள்.

இரண்டாவது 'ரிவர்ட்'. நமக்குப் பதில் போடுவது. ஆங்கிலேயருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. 'ப்ளீஸ் ரிவர்ட் டு தி எர்லியர் ஆர்ட்வொர்க்' என்று பையர் எழுதினால், பழைய ஆர்ட்வொர்க்கைப் பற்றிப் பதில் கேட்கவில்லை. பிரிண்டிங்கில் பழையதையே போடு என்கிறார். அது தெரியாமல் 'வீ வில் ரிவர்ட் டுமாரோ' என்று எழுதிவிட்டுப் புது ஸ்கிரீனில் பிரிண்ட் ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது 'ப்ரீபோன்'. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்ட சொல்தான். ஆனாலும் ஹாம்பர்க்கில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதற்குப் பதிலாக மீட்டிங்கை 'டூ டேஸ் ஃபார்வர்ட்' தள்ளலாம் என்று எழுதினால் இன்னும் சிக்கல். புதன்கிழமை மீட்டிங் என்றால் சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள், இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. கிழமையையும் தேதியையும் எழுதிவிட்டால் வம்பே இல்லை.

8. சின்னச் சொல்லில்தான் பெரிய செலவு இருக்கிறது.

'இன் டூ வீக்ஸ்' என்றால் இன்றிலிருந்து இரண்டு வாரம் கழித்து. 'விதின் டூ வீக்ஸ்' என்றால் இரண்டு வாரத்துக்குள் என்றைக்கு வேண்டுமானாலும். 'பை மண்டே' என்றால் திங்கட்கிழமைக்குள், திங்களும் சேர்த்தி. 'பிஃபோர் மண்டே' என்றால் ஞாயிறோடு முடிந்தது.

'எண்ட் ஆஃப் டே ஃபிரைடே' என்றால் யாருடைய வெள்ளிக்கிழமை? குளிர்காலத்தில் லண்டனில் மாலை 5 மணி என்றால் நமக்கு இரவு 10.30. நியூயார்க்கில் மாலை 5 என்றால் நமக்குச் சனிக்கிழமை விடிகாலை 3.30. கோடையில் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது இரண்டிலும் ஒரு மணி நேரம் குறையும்.

வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றைச் சொல்லையும் விடாதீர்கள். நமக்குக் 'கட்' என்றதும் கத்திரிதான் ஞாபகம் வரும். 'கட் பேக் தி க்வான்டிட்டி' என்றால் எண்ணிக்கையைக் குறை. 'கட் ஆஃப் டேட்' என்றால் சரக்கை ஒப்படைக்கக் கடைசித் தேதி. 'ஹோல்ட் தி ஷிப்மென்ட்' என்பது நிறுத்தி வை என்ற உத்தரவு. 'தி ஷிப்மென்ட் இஸ் ஹெல்ட் அப்' என்பது எங்கோ மாட்டிக்கொண்டது என்ற செய்தி. உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும், செய்திக்கு ஃபார்வர்டரைப் பிடிக்க வேண்டும்.

9. பர்ச்சேஸ் ஆர்டரில் வரும் சொல்லுக்குப் பேச்சு வழக்கின் அர்த்தம் கொடுக்காதீர்கள்.

'டெலிவரி' என்றால் நமக்குப் பேக்கிங் முடிந்து லாரி ஏறுவது. ஆர்டரில் எழுதியிருக்கும் மூன்று எழுத்தைப் பொறுத்து அது மாறும். 'எக்ஸ் வொர்க்ஸ்' என்றால் நம் கம்பெனி வாசலிலேயே டெலிவரி முடிந்துவிடும். 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி' என்றால் தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறினால்தான் டெலிவரி. லாரி மதுரையைத் தாண்டிவிட்டது என்பது கணக்கில் வராது. இந்தச் சொற்களுக்குப் பாரிஸில் உள்ள இன்டர்நேஷனல் சேம்பர் ஆஃப் காமர்ஸ் 1936இலிருந்து பொருள் வகுத்து வருகிறது. இன்கோடெர்ம்ஸ் என்று பெயர். கடைசிப் பதிப்பு 2020. ஒரு நாள் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

'ஷல்' என்று வந்தால் கட்டாயம். 'ஷுட்' என்று வந்தால் செய்வது நல்லது. 'மே' என்று வந்தால் உரிமை உண்டு. 'பையர் மே கேன்சல்' என்றால் ஒருவேளை ரத்து செய்யலாம் என்ற ஆரூடம் என்று நினைக்காதீர்கள். ரத்து செய்யும் உரிமை அவரிடம் இருக்கிறது.

'டைம் இஸ் ஆஃப் தி எசென்ஸ்' என்ற வரியைப் படித்துவிட்டு, சீக்கிரம் செய்யச் சொல்கிறார் என்று தாண்டிப் போகிறார்கள். அது சட்டச் சொல். தேதி தவறினால் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு வந்துவிடும். நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவும் இதைத்தான் பேசுகிறது. தகராறு வந்த பிறகு வரும் கடிதத்தில் 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்' என்று தலைப்பில் இருந்தால், சமாதானத்துக்காகச் சொல்கிறேன், இதை வைத்து என்மேல் பாயாதே என்று பொருள். அந்த மாதிரிக் கடிதத்துக்கு நீங்களாகப் பதில் எழுதாதீர்கள்.

10. 'இல்லையா' என்று கேட்டால் 'யெஸ்' சொல்லி நிறுத்தாதீர்கள்.

போனில் பையர் கேட்கிறார்: 'யூ ஹேவன்ட் ஷிப்டு இட் யெட்?' தமிழில் இதற்கு 'ஆமாங்க, இன்னும் அனுப்பல' என்போம். அந்த 'ஆமாங்க'வை நம் ஆள் 'யெஸ்' என்று மாற்றிச் சொல்கிறார். அந்தப் பக்கம் இருப்பவர், ஓ, அனுப்பிவிட்டார்களா என்று குழம்புகிறார். தமிழில் கேட்டவரின் பேச்சை ஒத்துக்கொண்டு ஆமாம் போடுகிறோம். ஆங்கிலத்தில் நடந்ததா இல்லையா என்பதற்குத்தான் 'யெஸ்', 'நோ'. அனுப்பவில்லை என்றால் கேள்வி எப்படி இருந்தாலும் 'நோ'. நல்ல வழி, முழு வாக்கியமாகச் சொல்லிவிடுவது: 'நோ, வீ ஹேவ் நாட் ஷிப்டு இட்.'

'வுட் யூ மைண்ட் சென்டிங் ஒன் மோர் சாம்பிள்?' என்ற கேள்விக்கும் இதே கதைதான். ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறார். 'யெஸ்' என்றால் ஆட்சேபணை உண்டு என்றாகும். 'நாட் அட் ஆல்' என்று சொல்லிவிட்டு சாம்பிளை அனுப்புங்கள்.

11. கெட்ட செய்தியைச் சொல்லும் சொல்லை மழுப்பாதீர்கள்.

நம் ஊரில் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மனசு வராது. 'பாத்துக்கலாங்க' என்போம். அதையே 'வீ வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட்' என்று எழுதுகிறோம். படிப்பவருக்கு அதில் தேதியும் இல்லை, உறுதியும் இல்லை. 'ஸ்மால் டிலே', 'சம் இஷ்யூ' என்பவையும் இதே ரகம்தான்.

மழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1990 ஜனவரி 25இல் கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்தின் போயிங் 707 ஒன்று நியூயார்க் வானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தது. மோசமான வானிலை, விமானங்கள் வரிசையில் காத்திருந்தன. எரிபொருள் தீர்ந்துவருவதை விமானிகள் தரைக்குச் சொன்னார்கள், 'ப்ரையாரிட்டி' கேட்டார்கள். 'எமர்ஜென்சி' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் கட்டுப்பாட்டு அறை மற்ற விமானங்களை ஒதுக்கி வழிவிட்டிருக்கும். விமானம் லாங் ஐலேண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

ஒவ்வொரு துறையிலும் ஆளை எழுந்து ஓடவைக்கும் சொல் ஒன்று உண்டு. நம் தொழிலில் அது 'வீ வில் மிஸ் தி ஷிப்மென்ட் டேட்'. அந்த நிலை வந்தால் அந்த வாக்கியத்தையே முதல் வரியில் எழுதுங்கள். எத்தனை நாள், என்ன காரணம், புதுத் தேதி என்ன, அவர் என்ன முடிவு சொல்ல வேண்டும் என்று அடுத்த நான்கு வரியில் எழுதுங்கள். அதோடு, எல்லா மெயிலுக்கும் 'அர்ஜென்ட்' என்று தலைப்புப் போடும் பழக்கத்தை விடுங்கள். தினமும் போட்டால் நிஜமான அவசரத்தன்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

12. பணிவு 'சார்' என்பதில் மட்டும் இல்லை.

நமக்கு வினையோடு ஒரு 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'குட்', 'வுட்' செய்கின்றன. 'சென்ட் தி ஆர்ட்வொர்க் ப்ளீஸ்' என்பதில் 'ப்ளீஸ்' இருந்தாலும் கட்டளைதான். 'குட் யூ சென்ட் தி ஆர்ட்வொர்க்?' என்பதே மரியாதை. 'கைண்ட்லி'யை வரிக்கு வரி போட்டால் கறாராக ஒலிக்கும், வசூல் நோட்டீஸ் மாதிரி.

வாங்கும்போதும் அப்படித்தான். 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று பையர் எழுதினால் பயம் ஒன்றும் இல்லை, முடியாது என்பதை மெல்லச் சொல்கிறார். 'ப்ளீஸ் அட்வைஸ்' என்றால் அறிவுரை கேட்கவில்லை, தகவல் கேட்கிறார். 'யூ மே வாண்ட் டு செக் தி நெக் மெஷர்மென்ட்' என்றால், உங்கள் விருப்பத்தை விசாரிக்கவில்லை. கழுத்தளவு தப்பாக இருக்கிறது, உடனே பாருங்கள்.

13. பழைய ஃபைலைப் படியுங்கள், நோட்டில் எழுதுங்கள்.

கம்பெனியில் முடிந்துபோன ஆர்டர்களின் மெயில் தொடர் கிடக்கும். அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. பையர் என்ன எழுதினார், நம் ஆள் என்ன புரிந்துகொண்டார், கடைசியில் என்ன நடந்தது என்று மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். புதுச் சொல்லைக் கண்டால் நோட்டில் தனியாக எழுதாதீர்கள். முழு வாக்கியம், எழுதியவரின் நாடு, ஆர்டரின் கட்டம், பின்னால் நடந்தது என்று நான்கையும் எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பு ஆப்பைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒற்றை வரியை மட்டும் கொடுத்தால் அது அகராதி வேலைதான் செய்யும். முன்பின் மெயில்களோடு சேர்த்துக் கொடுங்கள். அதற்குப் பிறகும் வெட்டுவதா வேண்டாமா என்ற முடிவை அதனிடம் விடாதீர்கள்.

14. புரிந்ததை எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் சந்தேகம் வரத்தான் செய்யும். அப்போது 'ப்ளீஸ் க்ளாரிஃபை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். அவர் அதே வாக்கியத்தைத் திருப்பி அனுப்புவார். நீங்கள் புரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுங்கள்: லேப் டிப் பி-யைத் திருத்தி அனுப்புகிறோம், பல்க் டையிங் ஆரம்பிக்கவில்லை, உங்கள் அப்ரூவல் ஏப்ரல் 3 வெள்ளிக்கிழமை இந்திய நேரம் மாலை 5 மணிக்குள் வந்தால் ஷிப்மென்ட் தேதி மாறாது. கடைசியில் 'ப்ளீஸ் கன்ஃபர்ம்' என்று முடியுங்கள். அவர் லண்டன்காரராக இருந்தாலும் ஹாம்பர்க்காரராக இருந்தாலும் 'கன்ஃபர்ம்டு' என்றோ 'நோ' என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியும். அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டு, பிறகு சாயப்பட்டறைக்குப் போன் போடுங்கள்.